விரிசல் வலயம்: சொல்லும் பொருளும்

நிலநடுக்கவியலில் ‘டேமேஜ் ஸோன்’ என்றொரு தொடர் வழங்குகிறது. அதைச் ‘சேத மண்டலம்’ என்று பெயர்த்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் அப்படிப் படிப்பவருக்கு இடிந்த வீடுகளும் சரிந்த சுவர்களும்தான் நினைவுக்கு வரும். அத்தொடர் குறிப்பதோ பாறையை. பாறை பிளந்து இடம் பெயர்ந்த இடமான பிளவுப்பெயர்ச்சியின் (‘ஃபால்ட்’) நடுவில் பாறை மாவாக அரைபட்ட மெல்லிய உள்ளகம் இருக்க, அதன் இருபுறமும் சில மீட்டர் முதல் நூற்றுக்கணக்கான மீட்டர் வரை, பாறை உருக்குலையாமலே எண்ணற்ற வெடிப்புகள் ஓடிக் கிடக்கும் பகுதியே அது. அதற்கு ‘விரிசல் வலயம்’ என்ற பெயரே பொருந்தும் என்பது என் துணிபு.

முதலில் ‘ஃபால்ட்’. இலத்தீனில் பிறழ்தல், ஏமாற்றுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. நிலக்கரிப் படிவத்தைத் தொடர்ந்து வெட்டிச் சென்ற சுரங்கத் தொழிலாளர்கள், படிவம் திடீரென அறுபட்டு மேலோ கீழோ விலகிவிட்ட இடத்தை அச்சொல்லால் குறித்தார்கள். தமிழின் ‘பிளவுப்பெயர்ச்சி’, பிளந்ததையும் இடம் பெயர்ந்ததையும் ஒருங்கே சொல்வதால் மூலத்தைவிடத் தெளிவானது.

நெரி என்பதிலிருந்து நெரிசல் பிறந்ததுபோல, விரி என்பதிலிருந்து விரிசல் பிறந்தது. சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு விரிசலைக் கூர்ந்து பாருங்கள்: அதன் நீளம் ஒரு திசை, அது விரியும் திசை அதற்குக் குறுக்கு. நிலத்தின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளத் தேவையானதும் இந்த வேறுபாடே.

ஒரு தாள்கட்டை நிமிர்த்தி, அடிப்பகுதியை இறுகப் பிடித்துக்கொண்டு மேல் விளிம்பைத் தள்ளினால், தாள்களுக்குக் குறுக்காக அது எளிதில் வளைந்துகொடுக்கும். தாள்களின் அகலவாக்கில் தள்ளினால் அசைந்துகொடுக்காது. ஒரே வாக்கில் செங்குத்தாக விரிசல் விட்ட பாறையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. நடுக்கத்தின்போது, தான் செல்லும் திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைக்கும் அலையே குறுக்கலை. அதன் அசைவு விரிசலுக்கு இணையாக இருக்கும்போது பாறை விறைப்பாக நிற்பதால் அலை விரைந்து செல்கிறது. அசைவு விரிசலுக்குக் குறுக்காக இருக்கும்போது பாறை நெகிழ்ந்துகொடுப்பதால் அலை தாமதமாகிறது, நில ஆட்டமும் அத்திசையில் பெருகுகிறது. திசைக்கேற்ப மாறும் இப்பண்பைத் ‘திசைவேறுபாடு’ எனலாம். ஆட்டம் ஒரே திசையில் ஒடுங்குவதற்கு, ஒளியியலில் ஏற்கெனவே வழங்கும் ‘தளவிளைவு’ என்ற சொல்லையே கொள்ளலாம்.

இத்தாலியில் எட்னா எரிமலையின் வடகிழக்குச் சரிவில் உள்ள பெர்னிகானா பிளவுப்பெயர்ச்சி இதற்கு நல்ல சான்று. ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடும் அதன் வடபகுதி மேற்காகவும் தென்பகுதி கிழக்காகவும் நகர்வதால், இடைப்பட்ட பாறை இழுபட்டு, வடகிழக்கு–தென்மேற்கு வாக்கில் விரிசல்கள் உண்டாகும். அங்கே பதிவான ஆட்டம் ஓங்கியிருப்பதோ வடமேற்கு–தென்கிழக்கில், அதாவது விரிசல்களுக்குக் குறுக்கே. நடுக்கம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் இத்திசை பெரிதும் மாறுவதில்லை. நிலத்தின் இடையறாத நுண்ணதிர்விலும் அதுவே தென்படுகிறது. ஆகவே திசையைத் தீர்மானிப்பது அங்குள்ள பாறைதான். குன்றின் வடிவமும் ஆட்டத்துக்குத் திசை தரவல்லது என்பதால், மேட்டு நிலங்களில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம்.

விரிசல்கள் நிலையானவையும் அல்ல. கலிபோர்னியாவின் லாண்டர்ஸ் பகுதியில் 1992-இல் 7.3 அளவில் நிகழ்ந்த நடுக்கத்துக்குப் பின், பிளவை ஒட்டிய பாறையில் குறுக்கலை வேகம் சுற்றுப்பாறையைவிட 30 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. விரிசல்கள் மெல்ல மூடிக்கொள்ள, அடுத்த ஆண்டுகளில் அது சிறிது சிறிதாக ஏறியது.

‘விரிசல் வலயம்’ என்பதற்குப் பதில் ‘பிளவு மண்டலம்’ என்று சொன்னால் என்ன குறை? பிளவு என்றதும் பெயர்ச்சிக் கோடே மனத்தில் நிற்கும். ஆட்டத்தின் திசையையும் அக்கோட்டை வைத்தே கணித்துவிடுவோம். பெர்னிகானாவில் கோடு ஒரு வாக்கில் ஓட, விரிசல்கள் அதற்குச் சாய்வாக ஓடுகின்றன.