பூனைக்குட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு பிடி மாவு

மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகளோடு ஒரு காலணிப் பெட்டி என் மேசைக்கு வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவேன். சமீபத்தில் வந்த பெட்டியில் நான்கு குட்டிகள். கண் திறந்து ஓரிரு நாள் ஆகியிருக்கலாம். பழைய துண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கிக்கொண்டிருந்தன. வயிறு உருண்டிருந்தது, மயிர் சுத்தமாக இருந்தது, தொட்டால் கதகதப்பு. கொண்டுவந்த இளைஞருக்குத்தான் மூச்சு வாங்கியது.

"தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது, டாக்டர்."

"எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தீர்கள்?"

"பத்து நிமிடம் இருக்கும்."

தாயில்லாத குட்டியின் தோற்றமே வேறு. பசியில் ஓயாமல் கத்தும், பின்பக்கம் அழுக்கேறியிருக்கும், உடம்பு சில்லிட்டிருக்கும். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கும் குட்டிக்குப் பக்கத்தில் எங்கோ தாய் இருக்கிறது. இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். நிலைகொள்ளாமல் அலைபவரைக் குட்டி போட்ட பூனை என்று சும்மாவா சொல்கிறோம்? நாம் அங்கே நின்று எட்டியெட்டிப் பார்ப்பதாலேயே ஒளிந்துகொண்டும் இருக்கலாம்.

குட்டிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னேன். "சுற்றிலும் வளையமாக மாவைத் தூவுங்கள். அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டாதீர்கள். மூன்று மணி நேரம் கழித்து வந்து மாவை மட்டும் பாருங்கள்" என்றேன். சாயங்காலம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை வளையத்தின் ஓரத்தில் பூ வைத்ததுபோல் பாதத்தடங்கள். உள்ளே மூன்று குட்டிகள்தான் இருந்தன. தாய் வீடு மாற்றத் தொடங்கிவிட்டது.

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்று பயந்து திரும்ப வைக்கத் தயங்குபவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் வண்டி ஓடும் பாதை, நாய் சுற்றும் இடம், கொட்டும் மழை என்றால் மாவுக்கெல்லாம் நேரமில்லை, எடுத்துவிடுங்கள்.

இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த தெருப்பூனைகளின் கோப்புகளைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. கல்லெறிந்தவனால் வந்த கேடு குறைவு. இளகிய மனசும் அவசரமும் சேர்ந்து செய்த கேடுதான் அதிகம். பூனையைப் பிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. எந்தப் பூனையை எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதில்தான் தன்னார்வலர்கள் தடுமாறுகிறார்கள்.

உண்மையிலேயே தாயை இழந்த குட்டி என்றால் முதலில் தேவை பால் அல்ல, சூடு. பிறந்த சில வாரங்களுக்குக் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. சில்லிட்ட குட்டியின் குடல் இயங்காது. உள்ளே போன பால் அப்படியே தேங்கிக் கெடும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். குட்டி சூட்டை விட்டு நகர்ந்து கொள்ளவும் பெட்டியில் இடம் இருக்கட்டும். பிறகு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்மாவு. பசும்பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். கைக்குழந்தையைப்போல் மல்லாத்திப் பிடித்துப் புகட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே குடிக்கட்டும். மூன்று வாரம் ஆகும்வரை குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. தாய் நாக்கால் நக்கிவிடும் வேலையை, ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும், ஈரப்பஞ்சால் நீங்கள் செய்ய வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி தினமும் 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒருநாள் ஏறாமல் நின்றாலே எங்களைக் கூப்பிடுங்கள். இரவில் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுந்திருக்க முடியாதவர்கள் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். இதைச் சொன்னால் சிலருக்கு என்மேல் கோபம் வருகிறது. வரட்டும்.

அடுத்தது வயதுக் கணக்கு. பூனைக்குட்டி மனிதரை நம்பக் கற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 2 முதல் 7 வாரம் வரை. அந்த நாள்களில் மனிதக் கையையும் குரலையும் பழகிய குட்டிக்கு ஆயுள் முழுவதும் அது மறக்காது. ஆறு வாரக் குட்டி முதல் நாள் சீறும், ஒரு வாரத்தில் மடியில் தூங்கும். நான்கு மாதக் குட்டி என்றால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். மனித வாசனையே படாமல் வளர்ந்து முடிந்த பூனையோ பெரும்பாலும் மடிக்கு வராது.

கூண்டுக்குள் சீறும் பூனையெல்லாம் அந்த வகை என்றும் நினைத்துவிடக்கூடாது. வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த பூனையும் பயத்தில் அப்படித்தான் இருக்கும். சாம்பல் வரியோடிய ஆண்பூனை ஒன்றை, "கிட்டே போகாதீர்கள், டாக்டர், கையைக் கிழித்துவிடும்" என்ற எச்சரிக்கையோடு இறக்கி வைத்தார்கள். கூண்டின் மூலையில் கல்போல் உட்கார்ந்திருந்தது. போர்வையால் மூடி, ஆள் நடமாட்டமில்லாத அறையில் வைத்தோம். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் காலையில் உணவுத் தட்டை வைத்தபோது கரகரத்த குரலில் ஒரு "மியாவ்". வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அதிகம் மியாவ் போடுவதில்லை. அது மனிதரோடு பேச வைத்திருக்கும் பாஷை. இவன் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை என்று அப்போதே தெரிந்துவிட்டது. உரிமையாளரைக் கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்துவதுண்டு. தோள்களுக்கு நடுவில் அந்தச் சிப்பைப் படிக்கும் கருவியை வைத்தோம், ஒன்றுமில்லை. உடம்பு முழுவதும் நகர்த்திப் பார்த்ததில் முன்னங்கால் பக்கம் பீப் என்றது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப் சில சமயம் தோலுக்கடியில் நகர்ந்துவிடும். 15 இலக்க எண் கிடைத்தது, எண் வழியாக உரிமையாளரும் கிடைத்தார். ஆகவே, கண்டெடுத்த பூனைக்குப் புது வீடு தேடும் முன், பழைய வீடு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது. மனிதரை அறியாத ஒரு பெண்பூனையை இரக்கப்பட்டு வீட்டு அறை ஒன்றில் அடைத்து வைத்திருந்தார் ஒருவர். ஒன்றரை வருடம். பூனை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. அவர் தூங்கிய பிறகு வெளியே வந்து தின்றது. வெளிச்சம் போட்டால் மறைந்தது. "இங்கே பத்திரமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

இத்தகைய பூனைகளுக்கு நான் சொல்லும் வழி: கூண்டு வைத்துப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்துப் பழக்குங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய நாள் உணவை நிறுத்துங்கள். பசித்த பூனைதான் கூண்டுக்குள் நுழையும்; மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேண்டும். கூண்டின் தரையில் செய்தித்தாளை விரித்து, வாசனை தூக்கும் மீனைக் கடைசி மூலையில் வையுங்கள். கதவு விழுந்ததும் பூனை கம்பிகளில் மோதும். உடனே போர்வையால் மூடினால் அடங்கிவிடும். கூண்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். பிடிபட்டது பால் கொடுக்கும் தாயாக இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சீக்கிரம் குட்டிகளிடம் அனுப்ப வேண்டும்.

அறுவையின்போதே ஒரு காதின் நுனியில், பெரும்பாலும் இடது காதில், சுமார் 1 சென்டிமீட்டர் நேராக வெட்டிவிடுவோம். ஐயோ பாவம் என்று பதறுபவர்கள் உண்டு. பூனை மயக்கத்தில் இருக்கிறது, வலி தெரியாது. அந்தக் குறி இல்லையென்றால், அடுத்த முறை பிடிபடும்போது அதே வயிற்றை இன்னொரு மருத்துவர் மறுபடி திறந்து பார்க்க நேரும்.

கருத்தடையில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. பெண்பூனை 4, 5 மாத வயதிலேயே சினையாகலாம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஓர் ஈற்றுக்குச் சராசரி நான்கு குட்டிகள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகும். குட்டிகளை மட்டும் எடுத்து வீடு தேடிக் கொடுத்துவிட்டுத் தாயை அப்படியே விடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை.

தன்னார்வலர்களின் சொந்த வீட்டைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். புதிதாக எடுத்த குட்டியை முதல் நாளே மற்றப் பூனைகளோடு விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும், மிகக் கொடிய விளைவு தரும் தவறு. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய், பான்லூக்கோபீனியா, தடுப்பூசி போடாத குட்டிகளைக் கூட்டமாகக் கொண்டுபோய்விடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிர்ப்போடு இருக்கும். சாதாரண சோப்புக் கரைசலுக்கு மசியாது, ப்ளீச் வேண்டும். ஒரே வாரத்தில் ஆறு குட்டிகளைப் பறிகொடுத்த ஒருவர், அதற்கப்புறம் குளியலறையைத் தனிமை அறையாக மாற்றிவிட்டார். இரண்டு வாரம், தனி அறை, தனித் தட்டு, தனி மணல்பெட்டி. படர்தாமரை பற்றி எச்சரிக்க மாட்டேன். இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை ஒருமுறையாவது வாங்கியே தீருவார்கள். என் மணிக்கட்டில் இப்போதும் ஒரு வட்டம் இருக்கிறது.

பூனை கடித்தால் மட்டும் அலட்சியம் கூடாது. பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் மேலே சின்னப் புள்ளி தெரியும், உள்ளே சீழ் கட்டும். சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டி பூனைக்கு வேண்டாம். பாரசிட்டமால் பூனைக்கு விஷம். நாய்களுக்கென்று விற்கும், பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்துச் சொட்டும் அப்படியே.

தத்து கொடுக்கும்போது யார் முதலில் கேட்டாரோ அவருக்கு என்று கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஜன்னலுக்கு வலை உண்டா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரிடமிருந்து பூனை தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாக வளர்ந்த குட்டிகளை ஜோடியாகக் கொடுத்தால் அவற்றுக்கும் நல்லது, வீட்டுத் திரைச்சீலைக்கும் நல்லது. ஒரு கிலோ எடை வந்துவிட்டால் கருத்தடை செய்துவிட்டே கொடுக்கலாம். அப்புறம் செய்துகொள்கிறேன் என்பவர்களில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஒத்துவரவில்லையென்றால் பூனை உங்களிடமே திரும்பி வர வேண்டும், தெருவுக்கு அல்ல. இதை எழுதி வாங்குங்கள்.

புது வீட்டில் முதல் சில நாள்கள் ஒரே அறை போதும். ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, தண்ணீர், மணல்பெட்டி. தேடிப் பிடித்துக் கொஞ்ச வேண்டாம். இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆனாலும் மூன்றாம் நாள் அந்தத் தொலைபேசி அழைப்பு வராமல் இருப்பதில்லை. போன மாதம்கூட வந்தது.

"டாக்டர், பூனையைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டோம்."

"இரவு வைத்த சாப்பாடு?"

"தட்டு காலி."

"மணல்பெட்டி?"

"அதிலும் தடம் இருக்கிறது."

"சலவை இயந்திரத்துக்குப் பின்னால் பாருங்கள். பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்."