நெருஞ்சி முள்ளும் இறப்பர்ப் பாலும்: ரியூப் இல்லாத சில்லு காற்றைப் பிடிப்பது எப்படி?

"அண்ணா கனடாவிலிருந்து அனுப்பின மவுண்டன் பைக்கில் ரியூப்பே இல்லை. றிம்மைக் கையில் தூக்கினால் பாரமே தெரியவில்லை. எங்கட கிரவல் றோட்டுக்கு இது தாங்குமா? பேசாமல் ரியூப் போட்டு ஓடட்டா?" என்று கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாங்கும். ரியூப் தேவையில்லை, போட்டால் வன்னியில் பஞ்சர் இன்னும் கூடும். ஆனால் இந்தச் சில்லு காற்றைப் பிடித்து வைத்திருக்கும் விதம் வேறு. அது விளங்காமல் கைவைத்தால் ஒரு கிழமைக்குள் வெறுத்துப்போகும்.

சாதாரண சைக்கிளில் காற்று இருப்பது ரியூப்புக்குள். ரயர் அதற்கு மேலுறை மட்டும். ரியூப்லெஸ்ஸில் ரயரும் றிம்மும் சேர்ந்துதான் காற்றுப் பை. மவுண்டன் பைக்குக்கு இந்த முறையை 1999 இல் கொண்டுவந்தது பிரான்சின் மாவிக் நிறுவனம். மிச்செலின், ஹட்சின்சன் என்ற ரயர் நிறுவனங்கள் அதனுடன் சேர்ந்தன. அந்த றிம்மின் உட்சுவரில் கம்பித் துளையே கிடையாது. காற்று நன்றாக நின்றது, பாரம்தான் கூட. பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஸ் நோரியூப்ஸ் போன்றவர்கள் வேறு வழியால் வந்தார்கள். கம்பித் துளை இருக்கட்டும், மேலே ரேப் ஒட்டு. சின்னக் கசிவுகளை ரயருக்குள் ஊற்றும் இறப்பர்ப் பால் பார்த்துக்கொள்ளும். றிம்மின் பக்கச் சுவரையும் உயரம் குறைத்துப் பதித்துவிடு. இன்றைய மெல்லிய அலுமினிய றிம்கள் இந்த வழியில் வந்தவை. 29 அங்குல றிம் ஒன்று 400 கிராமுக்குக் கிட்ட நிற்கும். மலைச்சரிவில் பாய்ந்து இறங்குபவர்களுக்கான றிம் 500, 600 கிராம் வரும். ரியூப்பை எடுத்தால் ஏறக்குறைய 200 கிராம் குறையும், உள்ளே ஊற்றும் பால் 100 கிராமைத் திருப்பிச் சேர்க்கும். ஆகவே பாரம் குறைவதை மட்டும் நினைத்து ரியூப்லெஸ்ஸுக்கு மாறத் தேவையில்லை. வன்னிக்கு அது தேவைப்படுவது முள்ளுக்காக.

பதிந்த, மெல்லிய சுவர் ரயரை எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்ற கேள்வி வரும். பிடித்து வைத்திருப்பது காற்றுத்தான். 2.3 அங்குல ரயர் ஏறக்குறைய 58 மில்லிமீற்றர் அகலம், ஆரை 29 மில்லிமீற்றர். 25 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அமுக்க அளவு) காற்று என்பது 172 கிலோபாஸ்கல். இரண்டையும் பெருக்கினால் ரயர்த் துணியில் உள்ள இழுவிசை வரும்: ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 50 நியூட்டன், அதாவது 5 கிலோப் பாரம். 29 அங்குல றிம்மில் ரயரின் ஓரம் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீற்றர், சுற்றளவு 195 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒரு பக்க ஓரத்தை மட்டும் ஏறக்குறைய ஒரு தொன் விசை றிம் சுவரோடு நெரித்து வைத்திருக்கிறது. ஓரத்துக்குள் ஓடும் கெவ்லார் என்ற வலுவான செயற்கை நூலோ உருக்குக் கம்பியோ நீளாது. அதனால் ரயர் மேலே எழும்பிக் கழரவும் முடியாது. காற்று இறங்கினால் இந்தப் பூட்டும் தளரும். வளைவில் சில்லு கல்லில் பக்கவாட்டாக அடிபடும்போது ஓரம் ஒரு கணம் விலகி, 'பக்' என்று காற்றைக் கக்குவது இதனால்தான்.

இனி முள்ளுக்கு வருவோம். நெருஞ்சிக் காய் முற்றியதும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சின்ன முள்ளும் உண்டு. துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்தபடி நிற்கும். குளக்கட்டுகளிலும் வயல் வரம்புகளிலும் கோடையில் இது பரந்து கிடக்கும். அமெரிக்காவின் வரண்ட மாநிலங்களில் சைக்கிளோட்டிகளை ரியூப்லெஸ்ஸுக்குத் தள்ளிய முட்களில் முதன்மையானதும் இதே செடிதான்.

முள் குத்தியதும் ரயருக்குள் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சில்லில் மிக அழகான வேலை அதுதான். உள்ளே ஊற்றும் திரவத்தில் முக்கியமானது இறப்பர்ப் பால். அது இறப்பர் கரைந்த நீர் இல்லை. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கும் அதைவிடச் சின்னதுமான இறப்பர்த் துணிக்கைகள் கோடிக்கணக்கில் நீரில் மிதக்கின்றன. ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய உறை சுற்றியிருக்கிறது. அந்த உறை மறை ஏற்றம் கொண்டது. எல்லாத் துணிக்கைகளும் ஒரே ஏற்றம், ஆகவே ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. ஒட்டவேண்டிய இறப்பர் ஒட்டாமல் பாலாகவே இருக்கிறது. உற்பத்தியாளர்கள் அமோனியா சேர்ப்பது நீரைக் காரமாக வைத்து அந்த ஏற்றத்தைக் காப்பாற்றத்தான். போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி அதுவே. அமிலம் பட்டால் ஏற்றம் அழியும், துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். எருமைப் பால் புளித்துத் தயிராவதும் இதே விதிப்படிதான். அங்கே திரளுவது கேசீன் என்ற பால் புரதம்.

துளை விழுந்ததும் காற்று அதனூடாகப் பாய்கிறது. பாயும் காற்று பாலையும் இழுத்து வருகிறது. துளையின் சுவரில் பால் மெல்லிய படலமாக விரிகிறது, அதன் மேல் வேகமான காற்று வீசுகிறது, நீர் நொடிகளில் ஆவியாகிறது. நீர் குறையக் குறையத் துணிக்கைகள் நெருங்குகின்றன. ஒடுங்கிய துளைக்குள் நெரிபட்டு, இழுபட்டு, உறை கிழிகிறது. உறை கிழிந்த இரண்டு துணிக்கைகள் தொட்டால் பிறகு பிரியாது. ஒன்றில் ஒன்று ஒட்டி இழையாகி, இழைகள் வலையாகி, வலை அடைப்பாகிறது. பாருங்கள், கசிவே தன் அடைப்பைச் செய்கிறது! காற்று வெளியே போகாவிட்டால் திரளுதலும் நடக்காது. உள்ளே மற்ற இடமெல்லாம் பால் பாலாகவே இருக்கும், துளையில் மட்டும் இறப்பராகும்.

நெருஞ்சி போடும் துளை ஒரு மில்லிமீற்றரும் வராது. அதற்குப் பால் மட்டும் போதும். 2, 3 மில்லிமீற்றர்த் துளை, துணிக்கையின் பருமனோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. துணிக்கைகள் ஒட்ட நேரமில்லாமல் வெளியே பறந்துவிடும். அதனால் பாலுக்குள் நாரும் பருமனான மணிகளும் கலக்கிறார்கள். அவை முதலில் துளையில் குறுக்கே சிக்கும், இடைவெளிகளைப் பால் நிரப்பும். போத்தலைக் குலுக்காமல் ஊற்றினால் இந்த மணிகள் எல்லாம் அடியில் தங்கிவிடும். ரயருக்குள் போவது வெறும் பால். காற்று அமுக்கம் அளவுக்கு மேல் இருந்தால் அதனாலும் அடைப்பு நில்லாது. துளை சீறிக்கொண்டிருந்தால் 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறங்கவிட்டு, துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பிச் சில நிமிடம் வைத்து, அடைத்த பிறகு அடியுங்கள். காபனீரொட்சைட்டுக் குப்பியால் காற்றேற்றுவதையும் தவிருங்கள். அந்த வாயு நீரில் கரைந்து காபோனிக் அமிலமாகி, உள்ளே இருக்கும் பாலையே திரைக்கக்கூடும்.

புதுச் சைக்கிளுக்குச் சில்லின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசித்துக் கண்ணூறு கழிப்பது எங்கள் வழக்கம். அதனால் ஒரு முள்ளும் விலகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரு தேசிக்காயை எடுத்துவைத்து, சின்னக் கண்ணாடிக் குவளையில் இந்தப் பாலைக் கொஞ்சம் ஊற்றி, பிள்ளைகளுக்கு முன்னால் புளியைப் பிழிந்து காட்டுங்கள். அமோனியாவை மேவும் அளவுக்குப் புளி விழுந்ததும் பால் கட்டியாகும். பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் அமிலமும் காரமும் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

இந்தப் பாலைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கமும் உண்டு. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் 1876 இல் கம்பகாவின் ஹேனரத்கொடையில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கங்களில் அதுவும் ஒன்று. களுத்துறையிலும் கேகாலையிலும் இன்றும் பால் எடுக்கிறார்கள். அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வன்னி வெயிலில் இந்தப் பால் எத்தனை நாளில் காய்கிறது என்று அளக்கப் பெரிய பணம் தேவையில்லை. சில ரயர்களும் ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் போதும். இந்த மாதிரிச் சின்ன ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கத் தொடங்கினால், வெளிநாட்டுப் போத்தலுக்குக் கொடுக்கும் காசு இங்கேயே நிற்கும்.

பூட்டும் முறைக்கு வருவோம். முதலில் ரேப். றிம்மின் உள் அகலத்தைவிட 3 முதல் 5 மில்லிமீற்றர் அகலமான ரியூப்லெஸ் ரேப் எடுங்கள். மின்சார வேலைக்குப் பாவிக்கும் கறுப்பு ரேப் வேண்டாம்; அது வெயிலில் இளகி நழுவும். றிம்மை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்து, காய்ந்த பிறகு, வால்வுத் துளைக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, இழுத்து ஒட்டி, முடியும்போது ஒரு சாண் மேலே ஏற்றி முடியுங்கள். மெல்லிய றிம்மில் கசிவு பெரும்பாலும் வருவது இங்கேதான். 9 மில்லிமீற்றர் கம்பித் துளை ஒவ்வொன்றின் மேலும் 25 பி.எஸ்.ஐ. காற்று ஒரு கிலோவுக்கு மேலான விசையால் ரேப்பை உள்ளே அமுக்குகிறது. ரேப்புக்குக் கீழ் ஒரு குமிழி இருந்தால் பால் அதற்குள் ஊர்ந்து பசையை எழுப்பிவிடும். பிறகு காற்று கம்பி முனைகளால் வெளியேறும். ரயரில் ஓட்டை தேடிக் களைத்துப்போவீர்கள். வால்வடியிலும் கம்பி முனைகளிலும் சவர்க்கார நீர் பூசிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். ரேப்புக்குத் துளை போடும்போது கத்தியால் கீறக் கூடாது, கீறல் ஓடும். சூடாக்கிய ஆணியால் வட்டமாக உருக்குங்கள்.

றிம்மின் நடுவில் ஒரு பள்ளம் ஓடும். ரயர் ஓரத்தை அதற்குள் தள்ளத் தள்ள, மறுபக்கத்தில் தளர்வு கிடைக்கும். வால்வு இருக்கும் இடத்தில் பள்ளத்துக்குள் ஓரம் இறங்காது. ஆகவே எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வடியில் முடியுங்கள். கையாலேயே ஏறும். இரும்பு நெம்புகோல் மெல்லிய சுவரை வளைத்துவிடும்.

பால் ஊற்றாமல் முதலில் காற்று மட்டும். ஓரம் பள்ளத்திலிருந்து மேலேறி, பள்ளத்தின் இரு பக்கமும் உள்ள மேடையில் உட்காரும் வரை சுற்றிவரக் கசியும். கசிவதைவிட வேகமாகக் காற்றுப் போக வேண்டும், கைப் பம்மால் அது பெரும்பாலும் முடிவதில்லை. ஓரமெங்கும் சவர்க்கார நீர் பூசி, வால்வின் உள்ளுறுப்பைக் கழற்றி, மோட்டார் சைக்கிள் கடைக் கொம்பிரசரின் இறப்பர் மூக்குள்ள துப்பாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 'டப் டப்' என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். கொம்பிரசரில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் நிற்கும். ரயருக்குள்ளோ ஏறக்குறைய 5 லீற்றர் இடம். கவனம் தவறினால் ரயர் றிம்மை விட்டு வெடித்துப் பறக்கும், மெல்லிய சுவரும் விரியும். றிம்மில் எழுதியிருக்கும் உச்ச அளவை ஒருபோதும் தாண்டாதீர்கள். எங்கள் பழைய 28 அங்குலச் சைக்கிள்களின் உருக்கு றிம்மில் இந்த மேடையே இல்லை. அதில் ரியூப்லெஸ் பரீட்சை செய்யவே வேண்டாம்.

பிறகு 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் வால்வு வழியே பால். 29 அங்குலத்துக்கு 100 முதல் 120, 27.5 க்கு 90 முதல் 100, 26 க்கு 70 முதல் 80 மில்லிலீற்றர். உள்ளுறுப்பைப் பூட்டி, காற்றடித்து, குலுக்கி, வாளி ஒன்றின் மேல் பக்கத்துக்குப் பத்து நிமிடம் படுக்க வையுங்கள்.

ஓட்டத்துக்கான அமுக்கத்தைக் கணிக்க ஸ்டான்ஸ் நிறுவனத்தின் எளிய வழி உண்டு: ஓடுபவரின் எடையை இறாத்தலில் எடுத்து 7 ஆல் வகுத்து, முன் சில்லுக்கு 1 குறைத்து, பின் சில்லுக்கு 2 கூட்ட வேண்டும். 70 கிலோ என்பது 154 இறாத்தல். முன்னுக்கு 21, பின்னுக்கு 24 பி.எஸ்.ஐ. குழி விழுந்த கிரவல் றோட்டில் பின்னுக்கு இன்னும் 2 கூட்டுவது என் விருப்பம். குறைத்து ஓடினால் கல் ரயரை நசித்து றிம்மின் விளிம்பில் அடிக்கும், மெல்லிய அலுமினியம் நெளியும். சின்ன நெளிவைப் பால் சமாளிக்கும். விளிம்பில் வெடிப்புத் தெரிந்தால் அந்த றிம்மில் ஓடக்கூடாது. ரயரில் காற்று ஏறும்போது றிம் நெரிபட்டுக் கம்பிகளின் இறுக்கம் குறையும் என்பதையும் மறக்கவேண்டாம்; மெல்லிய றிம்மில் அது இன்னும் கூடுதல். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு, நல்ல கடையில் கம்பி இறுக்கம் பார்த்துவிடுங்கள்.

பால் எங்கே என்றாலும் காயும். பால் "ஆறு மாதம்" நிற்கும் என்று குளிர் நாட்டுக்கு எழுதியது எங்களுக்குப் பொருந்தாது. வைகாசி முதல் புரட்டாதி வரை மாதத்துக்கு ஒருமுறை சில்லைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். 'சளக்' என்று கேட்காவிட்டால் 50 மில்லிலீற்றர் விடுங்கள். தகரக் கொட்டிலுக்குள் வைப்பதைவிட மர நிழல் நல்லது. வேறு வேறு நிறுவனத்தின் பாலை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கம் யானை வரும் பாதையில் நெடுநேரம் நின்று ஒட்டுப் போட முடியாது. ஆகவே பையில் இறப்பர்த் திரி குத்தும் ஊசியும், ஒரு ரியூப்பும், சின்னப் பம்மும் இருக்க வேண்டும். பால் அடைக்காத துளைக்குத் திரியைக் குத்தி, வெளியே நீட்டும் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அதுவும் நில்லாவிட்டால்தான் ரியூப். அதற்கு முதலில் றிம்மிலுள்ள வால்வைக் கழற்ற வேண்டும். வால்வின் அடிச்சுரையைக் கையால் மட்டும் இறுக்கியிருந்தால் அங்கே கழற்றலாம். குறட்டால் இறுக்கியிருந்தால் சிக்கல். ரியூப்பை வைக்க முன் ரயரின் உட்புறத்தை விரல் நுனியால் மெதுவாக, முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். இவ்வளவு நாளும் பால் மூடி வைத்திருந்த நெருஞ்சி முட்கள் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றை விட்டாலும் புது ரியூப் அதே இடத்தில் போகும்.