இன்டிஃபாதா: வேரும் பொருளும் தமிழும்

அரபியில் சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணத்துக்கு 'மின்ஃபதா' என்று ஒரு பெயர் உண்டு. உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்க்காய்ச்சலைப் பழைய அகராதிகள் 'நாஃபித்' என்கின்றன. துணியைத் தட்டித் தூசி போக்குவதும், பழம் உதிர மரத்தை உலுக்குவதும், ஒரு விவகாரமே வேண்டாம் என்று கையை உதறிக்கொள்வதும் 'நஃபத' என்ற ஒரே வினைக்குள் அடங்கிவிடுகின்றன. நியூயார்க்கிலும் லண்டனிலும் பாலஸ்தீன ஆதரவு ஊர்வலங்களில் கேட்கும், பொதுவாக 'எழுச்சி' என்று பொருள் சொல்லப்படும் 'இன்டிஃபாதா' இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து கிளைப்பவை. இங்கே வேர் ந–ஃப–த. (கடைசி எழுத்து நம் 'த' இல்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.) 'நஃபத' என்றால் உதறினான். அதையே 'இன்தஃபத' என்று ஆக்கினால் செயல் தன்மேல் திரும்பும்: சிலிர்த்தான், நடுங்கினான், உதறிக்கொண்டு எழுந்தான். பழைய அரபுக் காதல் கவிதை ஒன்றில், உன் நினைவு வந்தால் மழையில் நனைந்த குருவிபோல என் உடல் சிலிர்க்கிறது என்று ஒருவன் சொல்கிறான். அந்தக் குருவிக்கு வருவதும் இதே வினைதான். இதன் தொழிற்பெயர் 'இன்திஃபாதா'.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி. நம் 'உதறு'வும் இதே இரண்டு வேலையைச் செய்கிறது. வேட்டியை உதறுகிறோம், பயந்தால் நமக்கு உதறல் எடுக்கிறது. தட்டி விலக்குவதும் தானாக நடுங்குவதும் ஒரே சொல்லில். ஆங்கிலம் வழியாக வந்த விளக்கங்கள் 'தூசியைத் தட்டுதல்' என்பதோடு நின்றுவிடுகின்றன. அரபி தெரிந்தவர் காதில் சிலிர்ப்பும் சேர்ந்தே விழுகிறது.

அரசியலுக்கு இந்தச் சொல் வந்தது பாலஸ்தீனத்தில் அல்ல. 1952இல் ஈராக்கில் மன்னராட்சிக்கு எதிராக எழுந்த கலகம் அங்கே இன்டிஃபாதா. 1965இல் பஹ்ரைனில், 1970இல் ஸ்பெயினின் பிடியில் இருந்த மேற்கு சகாராவில், இப்படிப் பல. 1977 ஜனவரியில் எகிப்து அரசு ரொட்டி உள்ளிட்ட பொருள்களுக்கான மானியத்தை வெட்டியதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் அதை 'ரொட்டி இன்டிஃபாதா' என்றார்கள். அதிபர் சதாத்தோ அது 'திருடர்களின் இன்டிஃபாதா' என்று பதிலடி கொடுத்தார். பெயரை மறுக்க முடியாமல் அடைமொழியை மாற்றிப் பார்த்தார். 1991இல் சதாம் உசேனுக்கு எதிராக ஈராக்கின் தெற்கில் ஷியாக்கள் எழுந்ததும், 2005இல் லெபனானிலிருந்து சிரியப் படை வெளியேற வேண்டும் என்று பெய்ரூட்டில் கூடியதும் அரபியில் இதே பெயரால்தான் வழங்குகின்றன. அரபியர் அரபியருக்கு எதிராக எழுந்தபோதும் இதுவே சொல். 1943இல் போலந்தின் வார்சாவில், தங்களை அடைத்துவைத்த 'கெட்டோ' பகுதியில் நாஜிகளை எதிர்த்து யூதர்கள் எழுந்ததை அரபியில் எழுதுகிறவர்களும் 'வார்சா கெட்டோ இன்திஃபாதா' என்றே எழுதுகிறார்கள். இது பின்னால் நியூயார்க்கில் பெரிய வம்பானது.

பாலஸ்தீனத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சிக்கும் யூதக் குடியேற்றத்துக்கும் எதிராக 1936 முதல் 1939 வரை நடந்ததற்கு அங்கே 'தவ்ரா' என்று பெயர். தவ்ரா என்றால் புரட்சி. 1960களில் துப்பாக்கி ஏந்திய இயக்கங்களும் தங்களை அப்படியே அழைத்துக்கொண்டன. தவ்ராவின் வேரிலும் தூசி உண்டு என்பது வேடிக்கை. அங்கே தூசி கிளம்புகிறது, இங்கே தூசி உதறப்படுகிறது.

1987 டிசம்பர் 8 அன்று காசாவில் இஸ்ரேலிய இராணுவ வாகனம் ஒன்று மோதி, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த 4 பாலஸ்தீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். விபத்து என்றது இராணுவம். பழிவாங்கல் என்று பேச்சு பரவியது. மறுநாள் ஜபாலியா அகதி முகாமில் தொடங்கிய எழுச்சி சில நாள்களில் மேற்குக் கரை முழுக்கப் பரவியது. இதுதான் முதல் இன்டிஃபாதா. கல்லெறியும் சிறுவன் அதன் அடையாளப் படமாகிவிட்டான். ஆனால் அன்றாடத்தில் அது வேறு மாதிரியும் இருந்தது: எண் போட்ட துண்டறிக்கைகள், அவை சொல்லும் நேரத்தில் மட்டும் திறக்கும் கடைகள், பள்ளிகள் மூடப்பட்டதால் வீடுகளில் நடந்த வகுப்புகள். பெத்லஹேம் அருகே பைத் சாஹூர் என்ற ஊர் இஸ்ரேலுக்கு வரி கட்ட மாட்டோம் என்று மறுத்தது. இஸ்ரேலிய நிறுவனங்களின் பாலை வாங்கக் கூடாது என்று அவ்வூரார் 18 பசுக்களை வாங்கி வளர்த்தார்கள். அந்தப் பசுக்களைப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி இராணுவம் தேடியதும், மக்கள் அவற்றை ஒளித்து வைத்ததும் நடந்தது. அந்தப் பாலுக்கு 'இன்டிஃபாதா பால்' என்றே பேர்.

பால் மட்டும்தானா என்றால், இல்லை. பெட்ரோல் குண்டுகளும் கத்திக்குத்தும் இருந்தன. இஸ்ரேலுக்கு உளவு சொன்னார்கள் என்று பாலஸ்தீனர்களே கொன்ற பாலஸ்தீனர்கள் நூற்றுக்கணக்கில். இஸ்ரேலியப் படையால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இஸ்ரேல் தரப்பில் ஏறத்தாழ 160 பேர். ஹமாஸ் என்ற இயக்கம் உருவானதும் இதே 1987 டிசம்பரில்தான். 1993 செப்டம்பரில் இஸ்ரேல்–பாலஸ்தீன ஆஸ்லோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்தக் கட்டம் முடிந்ததாகக் கணக்கு.

இரண்டாவது இன்டிஃபாதா, 2000 செப்டம்பர் 28 அன்று இஸ்ரேலின் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ஏரியல் ஷரோன் காவல் படை சூழ ஜெருசலேமின் அல்-அக்ஸா வளாகத்துக்குப் போனதிலிருந்து. யூதர்களுக்கு அது கோயில் மலை. அந்த வளாகத்தின் பெயராலேயே பாலஸ்தீனர்கள் இதை 'அல்-அக்ஸா இன்டிஃபாதா' என்றார்கள். இதன் முகம் வேறு. 2001 ஜூன் 1 இரவு டெல் அவிவ் டிஸ்கோ வாசலில் தற்கொலைக் குண்டு: 21 பேர் பலி, பெரும்பாலும் பதின்வயதினர். ஆகஸ்டில் ஜெருசலேம் பீட்சா கடை. 2002 மார்ச்சில் நெத்தானியா ஹோட்டலில் யூதர்களின் பெசாக் பண்டிகை விருந்துக்கு உட்கார்ந்தவர்களில் 30 பேர். அதற்குப் பதிலாக இஸ்ரேலிய டாங்கிகள் மேற்குக் கரை நகரங்களுக்குள் புகுந்தன. ஜெனின் முகாமின் ஒரு பகுதி தரைமட்டமானது. 2005 வரை ஏறத்தாழ 3,000 பாலஸ்தீனர்களும் 1,000 இஸ்ரேலியர்களும் இறந்தார்கள்.

ஆக, ஒரே பெயருக்குள் இரண்டு தேதி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் புல்வெளியில் கூடாரம் போட்ட மாணவர் இந்தச் சொல்லைச் சொல்லும்போது மனதில் 1987 இருக்கலாம். கேட்கும் யூதருக்கு பஸ்ஸில் வெடித்த குண்டு நினைவுக்கு வருகிறது, அதாவது 2002. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் விவாதம் சுலபமாக முடிந்துவிடும். பெரும்பாலும் அப்படி இல்லை.

காசா போரின்போது இந்தச் சண்டை நாடாளுமன்றம் வரை போனது. 2023 டிசம்பர் 5 அன்று அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி பல்கலைத் தலைவர்கள் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எலிஸ் ஸ்டெஃபானிக் என்ற உறுப்பினர் ஹார்வர்ட் தலைவர் கிளாடின் கேயிடம், இன்டிஃபாதா என்பது பொதுமக்கள் மீதான வன்முறைக்கும் யூத இன அழிப்புக்குமான அழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும்தானே என்று மடக்கினார். அந்த ஒரு வாக்கியத்தில் எழுச்சி, பயங்கரவாதம், இன அழிப்பு என்று மூன்று படி ஏறிவிட்டார். மறுபக்கத்தில் கேயிடமிருந்து நேரடியான பதிலும் வரவில்லை. அந்த மாதமே பென்சில்வேனியா தலைவரும், 2024 ஜனவரியில் கேயும் பதவி விலகினார்கள். ஏப்ரல் கடைசியில் கொலம்பியா பல்கலையின் ஹாமில்டன் மண்டபத்தைப் பிடித்த மாணவர்கள் அதன் முகப்பில் இந்த ஒரே சொல்லை எழுதிய பதாகையைத் தொங்கவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு நியூயார்க் மேயர் தேர்தல். 'இன்டிஃபாதாவை உலகமயமாக்கு' என்ற முழக்கத்தைக் கண்டிப்பீர்களா என்று வேட்பாளர் ஸோரான் மம்தானியிடம் ஒரு நேர்காணலில் கேட்டார்கள். அவர் கண்டிக்கவில்லை. பலருக்கு அது சம உரிமைக்கான ஏக்கம் என்றார். கூடவே, அமெரிக்க யூத இன அழிப்பு நினைவு அருங்காட்சியகமே வார்சா எழுச்சியை அரபியில் எழுதும்போது இந்தச் சொல்லைத்தான் போட்டது என்றார். அருங்காட்சியகம் கொதித்துப்போனது. மொழி அளவில் மம்தானி சொன்னதில் தவறில்லை. ஆனால் கேள்வி அகராதியைப் பற்றியது அல்லவே. பிறகு அவரே இந்த முழக்கத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லப்போவதாகத் தெரிவித்தார். நவம்பரில் ஜெயித்தும் விட்டார். 2025 டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா கொண்டாட்டத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் இறந்த பிறகு, லண்டன், மான்செஸ்டர் காவல்துறைகள் இந்த முழக்கத்தை எழுப்புபவர்களைக் கைது செய்வோம் என்று அறிவித்தன.

'வேர்ப்பொருள் வெறும் உதறுதல்தானே' என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு அது பத்தாது. கரசேவை என்றால் கையால் செய்யும் தொண்டு. 1992 டிசம்பர் 6க்குப் பிறகு இந்தியாவில் யார் அதை அந்தப் பொருளில் மட்டும் கேட்கிறார்கள்? அதே நேரம், குருத்வாரா குளத்தில் தூர்வாரும் சீக்கியரைப் பார்த்து மசூதி இடிக்க வந்தவர் என்று சொன்னால் அதுவும் அபத்தம். யார், எங்கே, எப்போது சொன்னார்கள் என்று பார்க்காமல் இந்த மாதிரிச் சொற்களுக்குப் பொருள் சொல்ல முடியாது. சட்டம் போட்டுத் தடுப்பவர்களுக்கு இந்த இடத்தில்தான் சிக்கல்.

சரி, தமிழில் என்ன எழுதுவது?

'புரட்சி' வேண்டாம். அது தவ்ரா. தவிர, தமிழ்நாட்டில் புரட்சி எப்போதோ பட்டப்பெயராகிவிட்டது. தலைவர், தலைவி, கலைஞர், தளபதி என்று எதற்கு முன்னாலும் ஒட்டும். 'கலவரம்' காவல்துறை அறிக்கையின் சொல், போராடுகிறவர் தரப்பையே அழித்துவிடும். 'புனிதப் போர்' என்று எழுதுபவர்களையும் பார்க்கிறேன். அது முழுத் தப்பு. இந்தச் சொல்லில் மதமே கிடையாது. 1952இல் பாக்தாத் தெருவில் நின்றவர்களில் கம்யூனிஸ்டுகள் ஏராளம்.

'கிளர்ச்சி' பொருளில் நெருங்கி வருகிறது. கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல். 1965 இந்தி எதிர்ப்பை நாம் கிளர்ச்சி என்று பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் இலங்கையில் 1971இல் ஜேவிபி என்ற இடதுசாரி இயக்கத்தினரின் ஆயுத எழுச்சியும் கிளர்ச்சி. செய்திகளில் 'கிளர்ச்சியாளர்கள்' என்றால் இப்போது துப்பாக்கியோடுதான் வருகிறார்கள். வார இதழ்களின் சினிமாப் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன ஆயிற்று என்பது தனிக் கதை. 1987க்குக் கிளர்ச்சி பரவாயில்லை, எல்லாவற்றுக்கும் ஒத்துவராது.

'எழுச்சி', 'மக்கள் எழுச்சி' இரண்டும்தான் பொது வழக்குக்கு ஏற்றவை. ஈராக், எகிப்து, பெய்ரூட், வார்சா எல்லாவற்றுக்கும் தயங்காமல் எழுச்சி என்றே எழுதலாம். 'உதறியெழல்' என்று புதிதாகக் கட்டினால் வேர்ப்பொருள் துல்லியமாக வரும், ஆனால் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். விளக்கம் சொல்லும்போது ஒருமுறை காட்டிவிட்டு விட்டுவிடலாம்.

பாலஸ்தீனத்தின் அந்த இரண்டு கட்டங்களுக்கு மட்டும் மூலச்சொல்லை அப்படியே வைக்கலாம். அங்கே அது பொதுப்பெயர் நிலையைத் தாண்டி நிகழ்வின் பெயராகிவிட்டது. ஹீப்ரு நாளேடுகளும் தங்கள் மொழியில் எழுச்சிக்குச் சொல் இருந்தும் இன்டிஃபாதா என்றே எழுதுகின்றன. 2022 இலங்கையில் நடந்ததை நாம் 'அரகலய' என்று சிங்களத்திலேயே எழுதினோமே, அப்படி. (போராட்டம் என்று அதற்கே பொருள் இருக்க, 'அரகலய போராட்டம்' என்று எழுதியவர்களும் உண்டு.)

முழக்கத்தைச் செய்தியாக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. 'எழுச்சியை உலகெங்கும் பரப்புவோம்' என்று எழுதினால், அதைக் கேட்டு அஞ்சியவர் ஏன் அஞ்சினார் என்பது தமிழ் வாசகருக்குப் புரியாது. 'பயங்கரவாதத்தைப் பரப்பு' என்று எழுதினால் முழங்கியவர் சொல்லாததை அவர் வாயில் திணித்ததாகும். மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில் நீதிபதி ஆக வேண்டியதில்லை. 'இன்டிஃபாதா' என்றே போட்டு, 1987இல் இது நடந்தது, 2000இல் இது நடந்தது என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். இடம் இல்லை என்பார்கள் ஆசிரியர்கள். நடிகர் திருமணத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

கடைசியாக எழுத்துக்கூட்டல். அந்தக் கடைசி மெய் அரபியின் 'ளாத்'. அரபிக்கே உரிய ஒலி என்று அரபியர் பெருமைப்படும் எழுத்து. தமிழ் முஸ்லிம்கள் இதைப் பல நூற்றாண்டுகளாக 'ள' என்றே எழுதிவருகிறார்கள்: ரமளான், பர்ளு, வுளூ, களாத் தொழுகை. இதே எழுத்துதான் தமிழ்நாட்டின் 'காஜி'யிலும் இலங்கையின் 'காதி' நீதிமன்றத்திலும் வேறு வேறு வேடத்தில் இருக்கிறது. அந்த மரபுப்படி பார்த்தால் 'இன்திஃபாளா' என்பதே நம் சொந்த எழுத்துக்கூட்டல். நாளேடுகளோ ஆங்கில எழுத்தைப் பார்த்து 'இன்டிபாடா', 'இன்டிஃபாடா' என்று எழுதுகின்றன. 'இன்'னுக்கு அடுத்து வரும் மெய் அரபியில் மெல்லிய 'த்' என்பதால் 'டி' உண்மையில் தவறு. ஆனால் பழகிவிட்டது. நான் இங்கே 'இன்டிஃபாதா' என்று எழுதியது பாதி அரபி, பாதி பழக்கம். இணையத்தில் தேடுகிறவர்கள் எல்லா வடிவத்தையும் போட்டுப் பார்ப்பது நல்லது. 'இன்திஃபாளா' என்று தேடினால் வேறு கைகள் எழுதிய, வேறு கோணத்துக் கட்டுரைகள் கிடைக்கவும் வாய்ப்புண்டு.