ஓ.எஸ்.ஆர்.: ஒதுக்கியதா, கொடுத்ததா?

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மதிலை ஒட்டிப் புல் வளர்த்த ஒரு துண்டு நிலம், ஒரு சறுக்குமரம், ஒரு சிமென்ட் பெஞ்ச். நண்பர் கீழே இறங்கி வரும்வரை அங்கே உட்காரலாமா என்று காவலாளியிடம் கேட்டேன். “அது ஓ.எஸ்.ஆர். சார். வெளியாளுங்க போகக் கூடாது” என்றார். அந்த வளாகத்திலேயே வெளியாள் உரிமையோடு உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஓ.எஸ்.ஆர். என்பது ‘ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்’ என்பதன் சுருக்கம். அரசு ஆவணங்களில் ‘திறந்தவெளி ஒதுக்கீடு’. பெரிய நிலத்தில் மனைப்பிரிவோ அடுக்குமாடியோ போடுகிறவர், சாலைக்குப் போனது போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் விதிகளில் வெகுநாளாக இருந்தது, இப்போது மாநிலம் முழுவதற்குமான 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இருக்கிறது. நகருக்குள் பூங்காவுக்கென்று நிலம் வாங்க எந்த உள்ளாட்சிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் நிலத்தைக் கூறுபோட்டு லாபம் பார்க்கிறவரிடமே ஒரு கூறு கேட்டு வாங்கிக்கொள்கிறது.

விதியின் அடிப்படைக் கணக்கு இது. நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால், அதாவது ஏறக்குறைய பதின்மூன்றரை கிரவுண்டு, ஒன்றும் தர வேண்டாம். 3,000 முதல் 10,000 வரை என்றால் 10 சதவீத நிலம் தர வேண்டும். தர வழியில்லாதபோது அதற்கு ஈடான பணம் கட்டலாம். பணமாகக் கட்டும்போது முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துவிடுவார்கள். 10,000க்கு மேல் போனால் நிலம்தான். கொடுக்கும் துண்டு 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, எந்தப் பக்கமும் 10 மீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒரு பேச்சுக்கு, சாலை எல்லாம் போக 8,000 சதுர மீட்டர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். 3,000 கழித்தால் 5,000. அதில் பத்தில் ஒன்று 500 சதுர மீட்டர், அதாவது 5,382 சதுர அடி. பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு அங்கே சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்றால் கட்ட வேண்டியது சுமார் 2 கோடியே 69 லட்சம். வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள தூரம் வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்துக்கு அதே தெருவில் அதே அளவு நிலம் கிடைக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘திறந்தவெளி’யில் ‘திறந்த’ எதற்கு? வெளி என்றாலே திறந்ததுதான். மந்தைகள் நின்ற இடத்துக்கு மந்தைவெளி என்று பெயர் வைத்தவர்கள் அதைத் திறந்துவைத்துக் காட்டவில்லை. ஆங்கிலத்தின் ‘ஓப்பன்’ என்ற சொல்லுக்கும் ஒரு தமிழ் வேண்டுமே என்று சேர்த்தது இது. போதாததற்குத் திறந்தவெளி என்றதும் சிறைச்சாலையும் கழிப்பறை விழிப்புணர்வு விளம்பரமும்தான் நினைவுக்கு வருகின்றன.

அடுத்தது ‘ஒதுக்கீடு’. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘இட ஒதுக்கீடு’ என்ற சொல்லை வேலைக்கும் கல்லூரிக்கும் கொடுத்துவிட்டோம். உண்மையாகவே இடத்தை ஒதுக்குகிற காரியத்துக்கு அந்தப் பெயரை வைக்க முடியாமல் போயிற்று. அது போகட்டும். ஒதுக்குவது என்றால் தன் கையில் இருப்பதில் ஒரு பகுதியைத் தனியே எடுத்து வைப்பது. சம்பளத்தில் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கினால் பணம் இன்னும் நம் பையில்தான் இருக்கிறது. மனைப்பிரிவுக்காரர் ‘ஒதுக்கிய’ நிலம் அப்படியல்ல. இறுதி ஒப்புதலுக்கு முன்பே அதை உள்ளாட்சியின் பேரிலோ குழுமத்தின் பேரிலோ தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்துவிட வேண்டும். கை மாறிவிட்டது. காவலாளி தடுமாறுவது இங்கேதான்: குடியிருப்பு தனக்குள் ஒதுக்கிவைத்த இடம் என்று சொல் சொல்கிறது, ஊருக்குக் கொடுத்த இடம் என்று பத்திரம் சொல்கிறது.

ஒதுக்கு என்பதிலிருந்து ‘ஒதுக்குப்புறம்’ என்றும் ஒரு சொல் வருகிறது. பல இடங்களில் நிலைமை அதற்குத்தான் பொருத்தம். விற்பனைத் தாளில் பச்சை வண்ணம் தீட்டி ஊஞ்சலும் வரைந்திருப்பார்கள்; ‘பார்க் ஃபேசிங்’ மனைக்கு விலையும் கூட. நேரில் போனால் மனைப்பிரிவின் கடைசி மூலையில் எருக்கும் சீமைக்கருவேலமும் நிற்கும்.

‘தானப் பத்திரம்’ என்ற சொல்லும் நெருடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, தானம் என்பது தானாக விரும்பி, கைம்மாறு வாங்காமல் கொடுப்பது என்கிறது. ஒப்புதல் வேண்டுமென்றால் கொடு என்று வாங்குவதை என் பாட்டி தானம் என்று சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அடுக்குமாடி உரிமையாளர் சங்கம் ஒன்று கொண்டுபோன வழக்கில், 2023 பிப்ரவரியில், இந்த 10 சதவீத விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மற்ற நாடுகள் இதே காரியத்துக்கு வைத்த பெயர்கள் வேறு. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் இது ‘கடப்பாடு’. 2010 முதல் அதோடு சேர்ந்து வந்த இன்னொன்று வெளிப்படையாகவே ‘தீர்வை’. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ‘பங்களிப்பு’. கடப்பாடு என்றால் செய்தே ஆக வேண்டும், தீர்வை என்றால் கட்டியே ஆக வேண்டும். யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பது பெயரிலேயே தெரிகிறது. நாம் மட்டும் ஒதுக்கிவிட்டோம்.

பழைய தமிழில் தேடினால் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சோழர் காலச் செப்பேடுகள் ஊரைத் தானம் கொடுக்கும்போது அதில் அடங்கியவற்றை நீளமாக அடுக்கும்: மனையும் மனைப்படப்பும், மன்றும் கன்றுமேய்பாழும், குளமும் கேணியும் என்று போகும். மன்று, ஊர் கூடும் இடம். கன்றுமேய்பாழ், கன்று மேய விட்ட தரிசு. பின்னால் வருவாய்த் துறை இதையே மேய்க்கால் புறம்போக்கு என்றது. ‘கா’ என்றால் சோலை. திருவானைக்காவில் இருப்பது அந்தக் காதான், பூங்காவில் இருப்பதும் அதுவே. காக்கப்படுவதால் கா என்பாரும் உண்டு. ஆங்கிலத்தின் ‘பார்க்’குக்கோ மூலப்பொருள் வேட்டை விலங்குகளுக்காக வேலி போட்டு அடைத்த நிலம். நம் குடியிருப்புச் சங்கங்கள் அந்த மூலப்பொருளை விடாமல் கடைப்பிடிக்கின்றன.

மன்று என்ற சொல்லை இப்போது நீதிமன்றமும் ரசிகர் மன்றமும் எடுத்துக்கொண்டன. கன்றுமேய்பாழ் என்று பலகை வைத்தால் ஜனங்கள் சிரிப்பார்கள். என் கணக்கில் பொருத்தமான சொல் ‘பொதுவெளிப் பங்கு’. வெளி இருக்கிறது, யாருடையது என்பது இருக்கிறது, பெரியதிலிருந்து பிரித்துக் கொடுத்தது என்பதும் இருக்கிறது. பணமாகக் கட்டினால் ‘பொதுவெளி ஈட்டுத்தொகை’. எப்படியும் தரகர்கள் ஓ.எஸ்.ஆர். என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். அவர்களிடம் மனை வாங்கப் போகிறவர் பச்சை வண்ணத்தைப் பார்த்ததும் பூங்கா எவ்வளவு பெரியது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் தானப் பத்திர எண்ணையும் கேட்டு வாங்கி வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். அதில் எழுதி வாங்கியவர் என்ற இடத்தில் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி, குழுமம் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.