சொல் விளக்கம்: சால்வென்ட் (கரைப்பான்)

இன்னொரு பொருளைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் நீர்மம் கரைப்பான். கரைவது கரைபொருள், கிடைப்பது கரைசல். அழிப்பான், வடிப்பான் போலக் ‘கரை’ என்ற வினையிலிருந்து அமைந்த சொல்.

சால்வென்ட் என்பதன் வேர் லத்தீன் ‘சொல்வெரே’. அவிழ்த்தல், தளர்த்தல், கடன் தீர்த்தல் மூன்றும் அதன் பொருள்கள். ஒப்பந்தக்காரர்கள் தாசில்தாரிடம் வாங்கும் சால்வென்சி சான்றிதழ் (கடன் தீர்க்கும் சொத்து வசதிக்கான சான்று) இந்தக் கடைசிப் பொருளில் வந்தது. அங்கே ‘கரைப்பான்’ என்று எழுதினால் நகைப்புதான். பெயின்ட் கடைத் தின்னரும் வேறு: அது பெரும்பாலும் பல கரைப்பான்களின் கலவை.

விலைப்பட்டியலில் கரைப்பானுக்கு ரூபாய் கணக்கு கிலோவுக்கு, சில்லறையில் லிட்டருக்கு. கிலோ விலையை அடர்த்தியால் (ஒரு லிட்டர் எத்தனை கிலோ என்பதால்) பெருக்கினால் லிட்டர் விலை. மூன்று கரைப்பான்களைப் பார்ப்போம்: கிலோ 100 ரூபாய் என்றால் அசிட்டோன் லிட்டர் 79, டொலுயீன் 87, மெத்திலின் குளோரைடு 133. வெயிலில் அளவு கூடுவதும் எடைக் கணக்குக்கு ஒரு காரணம்: 20 டிகிரியில் 200 லிட்டர் இருக்கும் டொலுயீன் 35 டிகிரியில் 203 லிட்டரைத் தாண்டும். டிரம்மை விளிம்புவரை நிரப்பாததும் இதனால்தான்.

விலைப்போக்கைக் கச்சா எண்ணெயை மட்டும் பார்த்துக் கணிப்பவர்கள் அசிட்டோனில் சறுக்குவார்கள். அசிட்டோனில் பெரும்பங்கு, பிசினுக்கு மூலப்பொருளான பீனாலைச் செய்யும் ஆலையின் உடன்விளைபொருள்; கியூமின் என்ற மூலப்பொருளை ஆக்சிஜனேற்றிப் பிளக்கும்போது ஒரு டன் பீனாலுக்குச் சுமார் 0.62 டன் அசிட்டோன் கூடவே வரும். ஆலையை எவ்வளவு ஓட்டுவது என்பதைப் பெரும்பாலும் பீனால் தேவைதான் தீர்மானிக்கிறது. பீனாலை வாங்கும் பிளைவுட் பிசின், பிஸ்பீனால் (பிளாஸ்டிக் மூலப்பொருள்) பக்கம் மந்தமானால் ஆலை ஓட்டம் குறையும். அசிட்டோன் வரத்தும் குறைவதால், கச்சா எண்ணெய் விலை இறங்கும்போதே அசிட்டோன் விலை ஏறலாம். பீனால் தேவை சூடுபிடித்தால் அசிட்டோன் தேங்கி விலை சரியும். டொலுயீன் கதை வேறு: எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனைக் குறிக்கும் ‘ஆக்டேன் எண்’ உயர இதைப் பெட்ரோலில் கலப்பதால், அமெரிக்கக் கோடைக்காலப் பெட்ரோல் தேவை அதன் விலையை இழுக்கும்.

விலை ஏறினால் கலப்படமும் வரும். அசிட்டோனில் மெத்தனால் கலந்திருந்தால் அடர்த்திமானி காட்டிக்கொடுக்காது, இரண்டின் அடர்த்தியும் 0.79தான். கொதிநிலையும் உதவாது, மெத்தனால் தனியே 65 டிகிரியில் கொதித்தாலும், அசிட்டோனோடு சேர்ந்தால் இரண்டும் ஏறக்குறைய 55 டிகிரியில் ஒன்றாகவே ஆவியாகும். கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு (கேஸ் குரோமட்டோகிராபி) அறிக்கை கேட்டு வாங்குவதே வழி.