அருவிப் படத்தில் நீர் நூலாய் நீள்வது எப்படி?

அருவியைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்கணும்?" என்றுதான். அதாவது, கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி. இதற்கு ஒரே எண்ணில் விடை கிடையாது. நீர் விழும் வேகம், நாம் நிற்கும் தொலைவு, மாட்டியிருக்கும் லென்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

விழும் நீர் துளிகளாய் உடைந்து காற்றுக் குமிழிகளையும் அள்ளிக்கொள்கிறது. அந்தப் பரப்புகள் எல்லா நிற ஒளியையும் எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் அருவி வெள்ளையாகத் தெரிகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க, மின்னும் ஒவ்வொரு துளியும் சென்சாரில் (ஒளியைப் பதிவு செய்யும் தகட்டில்) ஒரு கோடு இழுக்கும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது நீர் பட்டுத்துணிபோல் வழுவழுப்பாகிறது.

கொல்லிமலை ஆகாயகங்கையை எடுத்துக்கொள்வோம். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி. காற்றின் தடையை விட்டுவிட்டால், 20 மீட்டர் விழுந்த நீரின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். 50 மீட்டர் தள்ளி நின்று, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் வைத்தால், அந்த நீரின் பிம்பம் சென்சாரில் நொடிக்கு 9.6 மி.மீ. ஓடும். 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் (படப்புள்ளியின்) அகலம் சுமார் 0.006 மி.மீ. ஆகவே பிம்பம் ஒரு பிக்சலுக்கு மேல் நகராமல் துளியை உறையவைக்க 1/1600 நொடி தேவை. 1/8 நொடியில் கோட்டின் நீளம் 1.2 மி.மீ.; அரை நொடியில் 4.8 மி.மீ. தொலைவைப் பாதியாக்கினால் கோடு இருமடங்காகும்.

தமிழகத்தின் மிக உயரமான தலையாறு அருவியை (297 மீட்டர்) கொடைக்கானல் மலைப்பாதையிலிருந்து பார்க்கிறவர்கள் இதற்கு நேர்மாறான சிக்கலில் மாட்டுவார்கள். 3 கி.மீ. தொலைவில் அதே 24 மி.மீ. லென்ஸுக்கு அரை நொடியில் கிடைக்கும் கோடு வெறும் 0.08 மி.மீ. அங்கே நீளமான லென்ஸும் கூடுதல் நேரமும் வேண்டும்.

கிட்ட நின்று எடுக்க, 1/8 முதல் 1/2 நொடி வரையே எங்களுக்குப் பிடித்த வரம்பு. அதில் நீர் வழுவழுப்பாகும். ஆனால் இழைகள் தனித்தனியே தெரியும். வெள்ளம் பெருத்த நாளில் குற்றாலம் பேரருவியை 2 நொடிக்கு விட்டால் இழைகள் எல்லாம் கரைந்து ஒரே வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். பாறைமேல் மெல்லியதாய் வழியும் நீர் நீண்ட நேரத்தையும் தாங்கும்.

அவ்வளவு நேரம் திறந்துவைத்தால் ஒளி அதிகமாகிவிடுமே? லென்ஸின் துளையை எஃப் 22 வரை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) சுருக்குவது பலரும் செய்வது, நாங்கள் சொல்லமாட்டோம். துளை சிறுத்தால் ஒளி வளைந்து பரவும். எஃப் 8-இல் சுமார் 0.011 மி.மீ. இருக்கும் ஒளிப்புள்ளி எஃப் 22-இல் 0.03 மி.மீ. ஆகிவிடும்; பாறையின் நுணுக்கமெல்லாம் மங்கிப்போகும். எஃப் 11-ஐத் தாண்டாமல், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 100-இல் வைத்து, என்டி ஃபில்டரை (ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியை) மாட்டுங்கள். நிழலில் கேமரா 1/30 நொடி காட்டினால், ஒளியை எட்டில் ஒன்றாக்கும் என்டி 8 அதை ஏறத்தாழ 1/4 நொடியாக்கும். நேர் வெயிலில் 1/250 காட்டினால் என்டி 64 வேண்டும். முடிந்தால் வெயிலையே தவிர்த்துவிடுங்கள்: வெயில் பட்ட நீருக்கும் இருண்ட பாறைக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு அதிகம். சுற்றியுள்ள இருட்டைப் பார்த்துக் கேமரா கூடுதல் ஒளி கொடுத்துவிடும்; நீர் விவரமற்ற வெள்ளையாகும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியை) 2/3 முதல் 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டி நிற்காமல் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

லென்ஸ் முன்னால் மாட்டிச் சுழற்றும் போலரைசர் ஃபில்டர் இன்னும் அழகாக வேலை செய்யும். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்தில் பார்க்கும்போது அதில் பிரதிபலிக்கும் ஒளி முழுக்க ஒரே தளத்தில் அதிர்கிறது. வளையத்தைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு அறுபட்டு, அடியிலுள்ள கல்லும் பாசியின் பச்சையும் வெளிவரும். ஒன்று கவனம்: சாரலில் தோன்றும் வானவில்லின் ஒளியும் அப்படித்தான் அதிர்கிறது. தவறாகத் திருப்பினால் அது படத்திலிருந்தே மறைந்துவிடும். வானவில் வேண்டுமென்றால் சூரியன் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். நம் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து 42 பாகை விலகித் தேடுங்கள்.

ட்ரைபாடின் கால்களை ஓடும் நீரில் ஊன்றினால் அவை அதிரும், படம் கலங்கும். காய்ந்த பாறையில் ஊன்றி, நடுத்தண்டை உயர்த்தாமல், 2 நொடி டைமர் வைத்து எடுங்கள். லென்ஸின் ஆட்டத்தடுப்பு வசதியை அணைத்துவிடுங்கள். சாரலில் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபில்டரைத் துடைக்க வேண்டும். ஒற்றைத் துளி படிந்தாலும் படத்தில் மங்கலான வட்டமாக நிற்கும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி பனிக்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கால் வைக்கும் இடம். கறுப்பாகவோ பச்சையாகவோ மின்னும் பாறையில் பாசி இருக்கும். எந்தச் செருப்பும் அங்கே பிடிக்காது. நாம் நிற்கும் இடத்தில் மழையே இல்லாதபோதும் மேலே பெய்த மழை நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, கருவிகளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் ஆற்றைக் கடக்க முயல வேண்டாம். நீர் வடியும்வரை அங்கேயே இருந்து உதவிக்குக் குரல் கொடுங்கள்.