டாம் வெய்ட்ஸ் தொண்டையில இருக்குற ரெண்டாவது ஜோடி

"டாம் வெய்ட்ஸ்னு ஒருத்தர் பாட்டை என் தம்பி நாள்பூரா ஓட விடுறான், அது பாட்டா இல்ல தொண்டை கட்டினவன் யாரையோ திட்டுறானா, அந்தாளுக்கு ஏதாச்சும் வியாதியா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்காரு. வியாதி எல்லாம் இல்லைங்க. ஆனா கேள்வி நல்ல கேள்வி, ஏன்னா பதில் நம்ம எல்லார் தொண்டையிலயும் சும்மா கிடக்குற ஒரு ஜோடி சதை மடிப்புல இருக்கு.

ஆள் யாருன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1949ல கலிஃபோர்னியாவுல பொமோனாங்கிற ஊர்ல பிறந்தவர், தானே எழுதி தானே மெட்டுப் போட்டு தானே பாடுறவர். 1973ல வந்த முதல் ஆல்பத்துல லேசா கரகரப்பு இருக்கும், மத்தபடி சாதாரண நல்ல குரல்தான். 1976ல பார்த்தா அது உறுமலா மாறியிருக்கு, 1983க்கு அப்புறம் உறுமல், கள்ளக்குரல், பாதி பேச்சுன்னு ஒரே ஆல்பத்துல நாலஞ்சு ஆள் பாடுற மாதிரி இருக்கும். இதே ஆள் எழுதின பாட்டை 1974ல ஈகிள்ஸ்ங்கிற அமெரிக்க ராக் குழு பாடினாங்க, இன்னொண்ணை பிரிட்டிஷ் பாடகர் ராட் ஸ்டூவர்ட் பாடி அது அமெரிக்க சார்ட்ல 3வது இடம் வரைக்கும் போச்சு. அதனால பாட்டு மேல யாருக்கும் புகார் இல்ல, சண்டை எல்லாம் குரலோடதான்.

குரல் எப்படி வருதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. நுரையீரல் காத்து கீழேருந்து தள்ளும், குரல்வளையில இருக்குற ரெண்டு குரல் நாண் திறந்து மூடும், ஆண்கள் பேசும்போது சுமாரா செகண்டுக்கு 100 தடவை, பெண்களுக்கு 200. வாயும் தொண்டையும் அந்த சத்தத்தை வடிகட்டி ஆ, ஈ, ஊன்னு மாத்தும். அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தக் குரல் நாணுக்கு சரியா மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, பொய்க் குரல் நாண்னு பேரு. பேசும்போது அதுக்கு வேலையே இல்ல, ஓரமா ஒதுங்கி நிக்கும். வேலை எப்பன்னா, சிலிண்டரைத் தூக்கும்போது "ம்ம்க்"னு முக்குறோம் பாருங்க, அப்போ காத்து வெளிய போகாம இறுக்கி மூடுறது அதுதான். சாப்பாடு முழுங்கும்போதும் மூடும், தப்பான வழியில ஒரு பருக்கை போய் புரையேறினா இருமறதுக்கும் அதுதான் முன்னாடி வந்து நிக்கும். (புரையேறினா யாரோ நம்மள நினைக்கிறாங்கன்னு பாட்டி தலையில தட்டுவாங்க. நினைக்கிறது பொய்க் குரல் நாண் மட்டும்தான்.) போற போக்குல இன்னொண்ணு, குரல் இனிமையாகணும்னு தேன் மிளகு பச்சை முட்டைன்னு முழுங்குறாங்களே, முழுங்கினது எதுவும் குரல் நாண் மேல படவே படாது, பட்டா புரையேறிடும்.

உறுமுற பாடகர்கள் என்ன பண்றாங்கன்னா இந்த சும்மா கிடக்குற ஜோடியை நடுவுல கொண்டு வந்து காத்துல ஆட விடுறாங்க. அது கொஞ்சம் தடிப்பான சதை, நிஜ நாண் வேகத்துக்கு ஈடு கொடுக்காது. ரெண்டு பேர் கை தட்டுறாங்கன்னு வைங்க, ஒருத்தர் ஒவ்வொரு அடிக்கும் தட்டுறாரு, இன்னொருத்தர் ஒண்ணு விட்டு ஒண்ணு தட்டுறாரு, கேக்குறது "டப்-தப், டப்-தப்"னு. அதேதான் இங்க. நிஜ நாண் 100 தடவை அடிச்சா பொய் நாண் 50 தடவை குறுக்க வருது, பெரிய துடிப்பு சின்ன துடிப்பு மாறி மாறி வருது, முழு பேட்டர்ன் திரும்ப வர 10 மில்லிசெகண்டுக்குப் பதிலா 20 மில்லிசெகண்ட் ஆகுது. உடனே காது "ஓ, இது 50 ஹெர்ட்ஸ்"னு (அதாவது செகண்டுக்கு 50 தடவை) முடிவு பண்ணி ஒரு ஸ்தாயி கீழ கேக்குது! தொண்டை ஒரு இஞ்ச் கூட பெருசாகல. இன்னும் அழகு என்னன்னா உங்க போன் ஸ்பீக்கரால 50 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது, இருந்தும் அந்த அடித்தொண்டை உங்களுக்குக் கேக்கும், ஏன்னா அதே சத்தத்தோட கூடவே மேல 300, 350, 400 ஹெர்ட்ஸ்னு வர்ற துணை அதிர்வுகளுக்கு நடுவுல இடைவெளி 50, அதைப் பார்த்து மூளையே இல்லாத அடிச் சத்தத்தை போட்டு நிரப்பிக்குது.

ரஷ்யாவுல தெற்கு சைபீரியாவுல இருக்குற துவாங்கிற பகுதியில கார்கிராங்கிற தொண்டைப் பாட்டு இருக்கு, அதுல ரெண்டு ஜோடியும் ஒண்ணுக்கு ரெண்டுன்னு பிசிறில்லாம பூட்டிக்கும், அதனால சுத்தமான கீழ் ஸ்தாயியா கேக்கும். வெய்ட்ஸ் ரக உறுமல்ல அந்தப் பூட்டு நழுவிட்டே இருக்கும், ஒரு துடிப்பு பெருசு, ரெண்டு சின்னது, நடுவுல ஒண்ணு காணோம். அந்த ஒழுங்கில்லாத நழுவல்தான் கரகரப்பு. இதையெல்லாம் தொண்டைக்குள்ள கேமரா விட்டு ஆராய்ச்சி பண்றதுக்கு எதுக்கு காசுன்னு சிலர் கேப்பாங்க, எனக்கு எரிச்சலா வரும். புற்றுநோயால குரல் நாணை எடுத்துட்ட சிலர் பொய் நாணை வச்சே பேசுறாங்க, அது எப்படி ஆடும்னு தெரியாம அவங்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?

சரி, முதல் தடவை கேட்டா ஏன் தூக்கிவாரிப் போடுது? சத்தம் செகண்டுக்கு 30லேருந்து 150 தடவை வரைக்கும் ஏறி இறங்கினா நம்ம காதுக்கு அது கரடுமுரடு. 2015ல வந்த ஒரு ஆய்வுல மனுஷன் அலறும்போது சத்தம் சரியா இந்த எல்லைக்குள்ளதான் துடிக்குதுன்னும், அலாரம் சத்தமும் அப்படித்தான்னும், கேட்ட உடனே மூளையில பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா முழிச்சுக்குதுன்னும் காட்டினாங்க. மேல சொன்ன 50 எங்க விழுதுன்னு பாருங்க. அப்போ வாசகர் முகம் சுளிச்சது ரசனைக் குறைவு இல்ல, பாதுகாப்பு ஏற்பாடு.

திரும்பத் திரும்பக் கேட்டும் ஆபத்து ஒண்ணும் வரலைன்னா அந்த எச்சரிக்கை மெல்ல அடங்கிடும். பழகப் பழக புடிக்கும்ங்கிறதை 1968லயே ராபர்ட் ஸயான்ஸ்னு உளவியலாளர் அர்த்தமே தெரியாத எழுத்துக்களை வச்சு காட்டியிருக்காரு. ஆனா பழக்கம் மட்டும் போதும்னு நான் நினைக்கல, தினமும் கேக்குற குக்கர் விசிலை யாரும் ரசிக்கிறதில்லையே. என் கணக்கு என்னன்னா, வெய்ட்ஸ் குரல் எவ்வளவு நொறுங்கினாலும் சொல்லும் தாளமும் இடம் தவறாம விழும், எந்த வரியில எவ்வளவு கரகரப்புன்னு அவர் கையில கன்ட்ரோல் இருக்கு. அதை காது புடிச்சுட்டா அடுத்து எங்க உடையும்னு எதிர்பார்க்க ஆரம்பிச்சிடும், அங்கதான் மயங்கறோம். விஸ்கியும் சிகரெட்டும்தான் அந்தக் குரலைக் கொடுத்துச்சுங்கிறது பாதிக் கதை. சிகரெட் குரல் நாணை வீங்க வைக்கும், குரல் தடிச்சு இறங்கும், வாஸ்தவம், ஆனா அது கன்ட்ரோலைக் கொடுக்காது, இருக்கிறதையும் புடுங்கிக்கும்.

இவ்வளவு விசித்திரமான குரலை இன்னொருத்தரால செய்ய முடியுமான்னா, முடியும், ஏன்னா மடிப்பு எல்லாருக்கும் இருக்கு. 1988ல ஃப்ரிட்டோ-லே கம்பெனி டொரிட்டோஸ் சிப்ஸ் விளம்பரத்துக்கு வெய்ட்ஸ் மாதிரியே உறுமுற ஒரு பாடகரைப் புடிச்சு பாட வச்சாங்க. வெய்ட்ஸ் விளம்பரத்துல பாடவே மாட்டேன்னு இருந்தவர். லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன இடத்துல அந்த விளம்பரம் அவர் காதுலயே விழுந்துச்சு, கேஸ் போட்டாரு. மெட்டைத் திருடினதுக்கு இல்ல, குரலைத் திருடினதுக்கு. 20 லட்சம் டாலருக்கு மேல கொடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்து, 1992ல அப்பீல் கோர்ட்டும் பெரும்பாலும் அதையே உறுதி பண்ணிடுச்சு.